கழுவப் போன விமானம்

திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காரில் விமானம் ஓட்டும் உத்தியோகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஆரியசாலை வற்றல் மிளகாய் மொத்த வியாபாரி திரவியம் பிள்ளையின் மகன் தாணுவுக்குக் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து அவன் விமானம் ஓட்டுவது நின்றுபோனது.

தாணு மெட்ராஸில் தங்கி விமானம் ஓட்டப் படித்தவன். அதுவும் வக்கீல் படிப்பு மாதிரி ஒன்று, படித்துவிட்டு ஊரில் வந்து பலகை மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் திரவியம் பிள்ளை அனுப்பினார். மகன் லைசென்ஸோடு திரும்பியபோது டெல்லி சர்க்கார் நாட்டிலுள்ள விமானக் கம்பெனிகளை எல்லாம் ஒன்றாக்கியிருந்தது. ஏற்கெனவே இருந்த பைலட்டுகளுக்கே உட்கார நாற்காலி போதவில்லை. தாணு தெரிந்த விலாசத்துக்கெல்லாம் எழுதிப் போட்டுவிட்டு, அப்பாவின் கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தான். சரக்கு வாங்க வருகிறவர்கள் அவனோடு பேசும்போது ஒருமுறை மேலே பார்த்துவிட்டுப் பேசினார்கள்.

அப்போதுதான் ஆகாய மார்க்க இலாகா விளம்பரம் செய்தது.

அந்த இலாகா பிறந்த கதை சின்னது. மந்திரி ஒருவர் ஒருமுறை விமானத்தில் போய்வந்தார். இறங்கியதும் நம் ராஜ்யத்துக்கும் ஒன்று வேண்டும் என்றார். யுத்தத்தில் மிஞ்சியதை ஏலம் விட்ட இடத்தில், மூன்று பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து சங்குமுகத்து விமான நிலையத்தின் ஓரமாகக் கொட்டகை போட்டு நிறுத்தினார்கள். பிறகு மந்திரிசபை கவிழ்ந்தது. விமானம் கவிழவில்லை. வாங்கிய பொருளுக்கு ஓர் இலாகா வேண்டுமே என்று, பல காலம் பஸ் நிர்வாகத்தில் பழக்கப்பட்ட வெங்கடேஸ்வரன் என்ற அதிகாரியை ஸெக்ரட்டரியாகப் போட்டார்கள்.

வெங்கடேஸ்வரன் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர். நேர்மையானவர், சர்க்கார் பேனாவால் சொந்தக் கடிதம் எழுதாதவர். புது இலாகாவுக்குச் சட்டதிட்டம் இல்லை என்றதும் அவர் கலங்கவில்லை. பஸ் ஓட்டுவதற்கான விதிப் புத்தகத்தை எடுத்து, பஸ் என்று இருந்த இடத்திலெல்லாம் விமானம் என்றும், ரோடு என்று இருந்த இடத்திலெல்லாம் ஆகாயம் என்றும் சிவப்பு மையில் திருத்தினார். ஒரு வாரத்தில் இலாகா தயாராகிவிட்டது.

நேர்முகத் தேர்வுக்குத் தாணு கோட்டு போட்டுக்கொண்டு போனான். ஸெக்ரட்டரிக்குப் பக்கத்தில், ரோடு போடுவதில் பேர் வாங்கிய ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஆக்ஸிடென்ட் ஏதானும் பண்ணியிருக்கீரோ?" என்று ஸெக்ரட்டரி ஆரம்பித்தார்.

"இல்லை ஸார்."

"எதிர்ல மாடு வந்தா என்ன செய்வீர்?"

"ஆகாயத்திலயா ஸார்?"

"ஆகாயத்தில வராதுன்னு நீர் எழுதித் தருவீரோ?"

தாணுவுக்கு அப்படி எழுதித்தரத் தைரியம் வரவில்லை. "ஒதுங்கிப் போவேன் ஸார்" என்றான். அது சரியான பதிலாக இருந்தது.

எஞ்சினியர், "வளைவிலே ஹாரன் அடிப்பீரா?" என்று கேட்டார்.

"விமானத்தில ஹாரன் கிடையாது ஸார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய குறையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஸெக்ரட்டரி அதைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் ஓட்டிக்காட்டச் சொன்னார்கள். தாணு சந்தோஷமாகப் போனான். தரையிலேயே எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும், திரும்பும்போது கையை வெளியே நீட்ட வேண்டும் என்றார்கள். கையை நீட்டி எட்டுப் போட்டான். பின்னோக்கி ஓட்டச் சொன்னார்கள். விமானம் பின்னால் போகாது என்று அவன் விளக்கினான். போகாத வண்டியை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஸெக்ரட்டரி கவலைப்பட்டார். கடைசியில் நான்கு கூலியாட்கள் தள்ளினார்கள். 'பிறர் உதவியுடன் பின்னோக்கி ஓட்டினார்' என்று எழுதித் தேர்வு செய்தார்கள். மேலே போய்க் காட்டட்டுமா என்று தாணு கேட்டான். அது விதியில் இல்லை.

காக்கி உடுப்பும் பித்தளை வில்லையும் கொடுத்தார்கள். ஐந்து வருஷத்துக்கு விலகுவதில்லை என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். விமானத்தில் ரப்பர் பந்து வைத்த ஹாரன் ஒன்றைப் பொருத்தினார்கள். பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குக் கயிறு கட்டி மணி ஒன்றும் தொங்கவிட்டார்கள். மணி எதற்கு என்று தாணு கேட்டான். கண்டக்டர் அடிப்பதற்கு என்றார்கள்.

கண்டக்டராக வந்தவன் வலியசாலை பட்டாபி. மலைப்பாதை பஸ்ஸில் வேலை பார்த்தவன். வளைவுகளில் தலை சுற்றி, டிக்கெட் கிழிப்பதைவிட அதிக நேரம் ஜன்னலுக்கு வெளியே தலையை வைத்திருந்தான். வளைவே இல்லாத வழித்தடம் வேண்டும் என்று மனுப் போட்டான். ஆகாயத்தில் வளைவு கிடையாது என்று யாரோ கண்டுபிடித்து அவனை இங்கே அனுப்பிவிட்டார்கள்.

அவன் தாணுவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைவாள், இது நெசமாவே மேல போகுமோ?" என்பதுதான்.

"போகும் சாமி. எனக்கு லைசென்ஸ் இருக்கு."

"லைசென்ஸ் உமக்கு இருக்கு. எனக்கு ரெண்டு கொழந்தைன்னா இருக்கு."

திருவனந்தபுரம்–நாகர்கோவில் ஆகாய சர்வீஸைத் தொடங்க நாள் பார்த்தார்கள். பந்தல் போட்டார்கள். நாதஸ்வரம் வாசித்தார்கள். புது மந்திரி மாலையோடு வந்து விமானத்தின் இறக்கையைத் தொட்டுப் பார்த்தார். திரவியம் பிள்ளை கடையை அடைத்துவிட்டு, ஆரியசாலை வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாணு எஞ்சினை ஓடவிட்டான். மந்திரி ஏறுவதற்குக் காலைத் தூக்கினார்.

அப்போது ஸெக்ரட்டரி, "ஒரு நிமிஷம்" என்றார். கையில் விதிப் புத்தகம் இருந்தது.

"மிஸ்டர் தாணு பிள்ளை, பாலராமபுரத்தில எத்தனை நேரம் நிறுத்துவீர்?"

"அங்கே நிறுத்த மாட்டேன் ஸார்."

"நெய்யாற்றிங்கரை?"

"நேரா நாகர்கோவில்தான் ஸார்."

ஸெக்ரட்டரி மந்திரியின் பக்கம் திரும்பினார். எஞ்சின் சத்தத்தில் கேட்காது என்பதால் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பிறகு நிதானமாகப் பேசினார்.

"வழியிலே அஞ்சு ஸ்டேஜ் இருக்கு, ஸார். ஒவ்வொரு ஸ்டேஜிலும் நிறுத்தணும், கை காட்டினவாளை ஏத்திக்கணும்கிறது விதி. பாலராமபுரத்திலே ஒரு நெசவாளி கை காட்டிண்டு நிக்கறார்னு வெச்சுக்குங்கோ. அவர் தலைக்கு மேலேயே வண்டி போறது. நிக்கலை. அவரும் வரி கொடுக்கற பிரஜை. அவர் மனசு என்ன பாடுபடும்? ஜனநாயகத்திலே ஒருத்தர் தலைக்கு மேலே ஒருத்தர் போகலாமா?"

கடைசி வாக்கியத்துக்குக் கூட்டம் கை தட்டியது. கை தட்டல் கேட்டதும் மந்திரி காலைக் கீழே வைத்துவிட்டார். ஐந்து ஊர்களிலும் விமானம் இறங்க மைதானம் அமையும்வரை சர்வீஸைத் தள்ளிவைப்பதாக அங்கேயே அறிவித்தார். ஜனங்களுக்கு வடையும் காப்பியும் கொடுத்தார்கள்.

திரவியம் பிள்ளை வியாபாரிகளை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "என்னலே, இம்புட்டுத் தூரம் படிச்சு, கடைசியில நின்ன எடத்திலயே உறும விடத்தானா?" என்றார்.

அம்மா பகவதியம்மாள், "போட்டும் விடுங்கோ. கீழ இருந்தாலும் சர்க்கார் வேலைதானே. மேல போனாத்தான் எனக்கு வயித்தைக் கலக்கும்" என்றாள். அந்த வீட்டில் இலாகாவை ஆதரித்தவள் அவள் ஒருத்திதான்.

அதன்பின் தாணுவின் உத்தியோகம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. காலையில் காக்கி போட்டுக்கொண்டு சங்குமுகம் போவான். வாரம் ஒருமுறை எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓட்டுவான். கடற்கரைக்கு வந்தவர்கள் கொட்டகைப் பக்கம் கூடி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மாதம் ஒருமுறை விமானத்தைக் கழுவ வேண்டும். கழுவுமிடத்துக்குப் போய்வர என்று விதிப்படி பெட்ரோல் ஒதுக்கினார்கள். கழுவுமிடம் மைதானத்தின் மறுகோடியில் இருந்த கிணறு. கூலியாட்கள் தள்ளியே கொண்டுபோய்விடுவார்கள். ஒதுக்கிய பெட்ரோல் விமானத்தின் வயிற்றிலேயே சேர்ந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு மாதமும் ஸெக்ரட்டரியே நேரில் வந்து, குச்சி விட்டு அளந்து, இருப்பு சரி என்று கையெழுத்திட்டார்.

பட்டாபி டிக்கெட் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து விதிப் புத்தகம் படிப்பான். படிக்க வேறொன்றும் இல்லாததால் அது அவனுக்கு முழுவதும் மனப்பாடமாகிவிட்டது.

ஒரு வருஷம் முடியும் தறுவாயில் இலாகாவின் ஆண்டுவிழா வந்தது. ஸெக்ரட்டரி பேசியதைப் பத்திரிகைகள்கூடப் போட்டன.

"இந்த தேசத்திலே எத்தனையோ விமான சர்வீஸ் இருக்கு. ஒண்ணு மலையிலே மோதறது. ஒண்ணு வயல்லே விழறது. நம்ம இலாகாவிலே இன்னிக்கு வரைக்கும் ஒரு விபத்து கிடையாது. ஒரு பயணிக்குச் சிராய்ப்பு கிடையாது. ஒரு நிமிஷம் தாமதமா வந்து சேர்ந்ததுன்னு ஒரு புகார் கிடையாது. இதை எப்படிச் சாதிச்சேள்னு கேக்கறா. ரகசியம் ஒண்ணும் இல்லை. விபத்து எப்ப நடக்கறதுன்னு நாங்க ஆராய்ஞ்சோம். பறக்கறச்சே நடக்கறது. பின்னே செய்ய வேண்டியது எங்களுக்கு மனசிலாச்சு."

தாணுவுக்கு 'விபத்தில்லா விமானி' என்று எழுதிய வெள்ளிப் பதக்கம் குத்தினார்கள். பக்கத்து ராஜ்யத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து, எங்கள் ஊரிலும் இப்படிச் செய்ய முடியுமா என்று விவரம் கேட்டுப் போனார்கள். அலுவலக வாசலில் 'விபத்தே காணாத இலாகா' என்று பெரிய பலகை ஏறியது.

பதக்கம் வாங்கிய சாயங்காலம் தாணு கடற்கரையில் உட்கார்ந்து பட்டாபியிடம் விஷயத்தைச் சொன்னான். அவன் லைசென்ஸ் அடுத்த மாதம் காலாவதியாகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் அந்த வருஷத்துக்குள் மூன்று மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். பறந்ததை விமானத்தின் சொந்தக்காரர் எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். வருஷம் முழுக்க அவன் பறந்த நேரம் பூஜ்யம். லீவு கொடுத்தால் மெட்ராஸுக்குப் போய்ப் பறந்துவிட்டு வருகிறேன் என்று ஸெக்ரட்டரியிடம் கேட்டிருந்தான். சர்க்கார் டிரைவர் வெளிவண்டி ஓட்டக்கூடாது என்று பதில் வந்தது.

"லைசென்ஸ் போனா என்ன ஆகும்?" என்றான் பட்டாபி.

"இங்கே ஒண்ணும் ஆகாது. வேலை அப்படியே இருக்கும். வேற எங்கேயும் நான் பைலட் இல்லை, அவ்வளவுதான்." தாணு பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். "கண்ணை மூடினா கையும் காலும் தன்னால அசையும் சாமி. இப்ப ஒரு மாசமா அதுவும் இல்லை. எது இடது பெடல்னு நேத்து ஒரு நிமிஷம் யோசிச்சேன்."

பட்டாபிக்கு அது மனதில் தைத்துவிட்டது.

அந்தக் கோடையில் மைதானத்துக் கிணறு வற்றியது. விமானத்தைக் கழுவ முடியவில்லை. லைசென்ஸ் முடிய இன்னும் சில வாரங்கள் இருக்க, சித்திரை மாதம் நடுவில் ஸெக்ரட்டரியிடமிருந்து மெமோ வந்தது: 'இம்மாதம் வண்டி கழுவப்படவில்லை. இன்று மாலைக்குள் கழுவி அறிக்கை தரவும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

தாணு கடலைப் பார்த்தான்.

"உப்புத் தண்ணி ஆகாது. அம்பத்தி மூணாவது விதி" என்றான் பட்டாபி. பிறகு புத்தகத்தை மூடாமலே சொன்னான்: "அதுக்கு அடுத்த விதி என்னன்னு தெரியுமோ? கிட்டத்தில நல்ல வெள்ளம் இல்லைன்னா, வெள்ளம் உள்ள எடத்துக்கு டிரைவரே வண்டியை ஓட்டிண்டு போகலாம். டிரிப் ஸாங்ஷன் வேண்டாம். டிக்கெட் வேண்டாம். ஸ்டேஜ்ல நிறுத்தவும் வேண்டாம். எவ்வளவு தூரம்னு எழுதலை."

"வெள்ளம் எங்கே இருக்கு சாமி?" என்றான் தாணு.

பட்டாபி கிழக்கே கையைக் காட்டினான். மலைக்கு மேலே கோடைமழை கறுத்துக்கொண்டு நின்றது. "அதோ இருக்கு வெள்ளம்."

"நீங்க வரவேண்டாம் சாமி."

"கழுவறச்சே கண்டக்டர் கூட இருக்கணும். விதி" என்று சொல்லிவிட்டுப் பட்டாபி பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது. பத்மநாபசுவாமியைக் கூப்பிடுகிறான் என்று தாணுவுக்குத் தெரிந்தது.

விமான நிலைய அதிகாரி டெல்லி சர்க்காரின் ஆள். ஒரு வருஷமாக அசையாத விமானம் மேலே போக அனுமதி கேட்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். என்ன காரியமாக என்று கேட்டார். கழுவ என்றான் தாணு. அவர் யோசித்துப் பார்த்து அனுமதி கொடுத்தார்.

சக்கரம் தரையை விட்டபோது தாணுவின் கைக்கும் காலுக்கும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கீழே சங்குமுகத்துக் கடற்கரை சாய்ந்து விலகியது. பத்மநாபசுவாமி கோயில் கோபுரம் வெள்ளையாக எழுந்து திரும்பியது. ஆரியசாலையில் மொட்டைமாடிகளில் மிளகாய் காய்ந்து சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தது. எது அப்பாவின் மாடி என்று அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

கொஞ்சம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பிள்ளைவாள், தலை சுத்தலையே."

"வளைவு இல்லையே சாமி."

பட்டாபி கண்ணைத் திறந்து கீழே பார்த்தான். பழக்கதோஷம் அவனை விடவில்லை. "பாலராமபுரம்" என்று சொல்லி மணி அடித்தான். நெய்யாற்றிங்கரை வந்தபோதும் அடித்தான். பாறசாலைக்கு அப்பால் வயலில் ஓர் ஆள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

"கை காட்டறான்" என்றான் பட்டாபி வருத்தமாக. "நிக்காம போறோமே."

தாணு இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். கீழே அந்த ஆள் துண்டை எடுத்துச் சுழற்றினான். சரி, கோபமில்லை என்று பட்டாபி சமாதானமானான்.

மலையோரத்தில் மழைக்குள் நுழைந்தார்கள். கண்ணாடியில் தண்ணீர் அறைந்தது. சேர்ந்திருந்த தூசியும் காக்கை எச்சமும் கரைந்து ஓடின. பட்டாபி வேலையை மறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு எட்டியவரைக்கும் துணியால் துடைத்தான். வெளியே வந்தபோது விமானம் வாங்கிய அன்று இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. இறங்கியிருக்கலாம். ஆனால் உலர வேண்டும் என்று பட்டாபி சொன்னான். உலர்த்துவதற்காகக் கன்னியாகுமரி வரை போனார்கள். சரியாக உலரவில்லை என்று நாஞ்சில்நாட்டு வயல்களைச் சுற்றினார்கள். பெட்ரோல் முள் அடிமட்டத்துக்கு வந்தபோது சங்குமுகத்தில் இறங்கினார்கள். மூன்று மணி நேரமும் கொஞ்சமும் ஆகியிருந்தது.

பட்டாபி இறங்கி, தரையில் காலை ஊன்றி நின்று, அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினான்: 'வண்டி கழுவப்பட்டது.'

மறுநாள் ஸெக்ரட்டரி இருவரையும் கூப்பிட்டார். ஊர் முழுக்கப் பார்த்திருந்தது.

"மிஸ்டர் தாணு பிள்ளை, நேத்திக்கு விமானம் பறந்ததா ஒரு வதந்தி இருக்கு."

"நான்தான் ஸார் ஓட்டினேன். மூணு மணி நேரம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்னு கேட்டுக்கறேன்."

"பறக்கறதுக்கு ஸாங்ஷன் இருந்ததோ?"

"இல்லை ஸார். கழுவ இருந்தது."

"பறக்க ஸாங்ஷன் இல்லைன்னா விமானம் பறந்திருக்க முடியாது. நான் பார்த்தேன்கறது வேற விஷயம். எங்காத்து மாடியிலேர்ந்துதான் பார்த்தேன். நன்னாத்தான் இருந்தது. ஆனா அது என் சொந்த அபிப்பிராயம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரும். பறக்கலைன்னு ஒரு வரி எழுதிக் கொடும். விபத்தே காணாத இலாகான்னு பலகை இருக்கு. அடுத்த மாசம் உம்மை ஸூப்பர்வைசர் ஆக்கறேன். லைசென்ஸே வேண்டாத போஸ்ட்."

அப்பா என்ன சொல்லுவார் என்று தாணு நினைத்தான். மறுபடி மூட்டைகளுக்கு நடுவே உட்கார வேண்டியிருக்கும் என்றும் நினைத்தான்.

"பறந்தேன் ஸார்" என்றான்.

ஸெக்ரட்டரி பெருமூச்சு விட்டு, பறக்கவில்லை என்று தாமே எழுதி விஷயத்தை முடித்துவிட்டார். விமான நிலையத்து டெல்லிக்காரர் வேறு மாதிரி சொல்கிறாரே என்று குமாஸ்தா கேட்டதற்கு, டெல்லிக்காரர் நம் இலாகாவைச் சேர்ந்தவரில்லை என்றார்.

அது ஒரு வாரம்தான் நின்றது. கணக்குத் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். விமானத்தில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். குச்சி ஈரமில்லாமல் வந்தது. போன மாதம்வரை பெட்ரோல் நிறைய இருந்ததாக ஸெக்ரட்டரியின் கையெழுத்து இருக்கிறது. விமானம் பறக்கவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். பறக்காத விமானத்தின் பெட்ரோல் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். ஸெக்ரட்டரியின் சொந்த மோட்டார் எந்த பெட்ரோலில் ஓடுகிறது என்றும் பணிவாகக் கேட்டார்கள்.

வாழ்நாளில் ஒரு சர்க்கார் குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர் அன்று அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மாலையில் உத்தரவு வெளியானது. தாணுவை வேலையிலிருந்து நீக்கியிருந்தார். இலாகா வெளியிட்ட உத்தரவுகளிலேயே மிகவும் விரிவானது அதுதான். நான்காம் பாரா இப்படி இருந்தது:

'மேற்படி தாணு பிள்ளை, சர்க்கார் விமானத்தைச் சங்குமுகத்தில் மேலே கிளப்பி, மலையோரம், கன்னியாகுமரி, நாஞ்சில்நாடு ஆகிய இடங்களின் மேலாக மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் தாமே ஓட்டி, கனத்த மழையிலும் தடுமாறாமல், ஒரு சொட்டு பெட்ரோலும் பறப்பதைத் தவிர வேறு வகையில் செலவாகாமல், யாதொரு சேதமுமின்றி நேர்த்தியாக இறக்கினார் என்பது இலாகாவுக்கு ஐயமற நிரூபணமாகியுள்ளது. இது இவ்விலாகாவின் முதல் விபத்தாகக் கருதப்படுகிறது.'

வாசலில் இருந்த பலகையை அன்றே இறக்கினார்கள். பட்டாபிமேல் குற்றம் எதுவும் சொல்ல முடியவில்லை, அவனிடம் விதி இருந்தது. சமதரையில் ஓடும் ஆலப்புழை பஸ்ஸுக்கு அவனை மாற்றினார்கள். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

தாணு உத்தரவை அப்பாவிடம் நீட்டினான். திரவியம் பிள்ளை வாங்கவில்லை. "வாசி லே" என்றார். கடையில் சரக்கு எடுக்க வந்த மூன்று நான்கு பேர் இருந்தார்கள். அவன் தயங்கித் தயங்கி வாசித்தான். நான்காம் பாரா முடிந்ததும் அவர், "அந்த மழை வாற எடத்தை இன்னொரு மட்டம் வாசி" என்றார். வாசித்தான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம், "சர்க்கார் முத்திரை போட்டு எழுதியிருக்கான், கேட்டீரா" என்றார். மிளகாய் நெடி கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

சொந்தக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்ட அத்தாட்சி என்று டெல்லி அந்த உத்தரவை ஏற்றுக்கொண்டு லைசென்ஸைப் புதுப்பித்தது. கல்கத்தாவிலிருந்து அஸ்ஸாமுக்கு அரிசியும் ஆடும் ஏற்றிப்போகும் கம்பெனி ஒன்று, மழையில் ஓட்டத் தெரிந்தவர் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தது. நான்காம் பாராவைப் படித்துவிட்டு உடனே புறப்பட்டு வரச்சொல்லித் தந்தி அடித்தார்கள்.

தம்பானூர் ரயில் நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்துக்கு வெங்கடேஸ்வரன் பிளாட்பாரத்தில் வேகமாக வந்தார். சொந்த வேலையாக வந்ததால் கோட்டு போடவில்லை. திரவியம் பிள்ளையும் பகவதியம்மாளும் ஒதுங்கி நின்றார்கள். அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"எனக்கு ஒரு பிள்ளை இருக்கான், தாணு. சாம்பசிவன்னு பேரு. அன்னிக்கு நீர் பறந்ததை மாடியிலே எங்கூட நின்னு பார்த்தான். அதிலேர்ந்து பைலட் ஆகணும்னு ஒரே பிடிவாதம். மெட்ராஸ்ல சேர்த்திருக்கேன். படிச்சுட்டு வந்தா உங்க கம்பெனியிலே ஒரு எடம் பார்க்க முடியுமோ?"

"நம்ம இலாகாவிலேயே எடம் காலியா இருக்கே ஸார்."

"அங்கே வேண்டாம்" என்றார் வெங்கடேஸ்வரன். "கொழந்தை பறக்கணும்னு ஆசைப்படறான்."

தாணுவுக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. கொஞ்சம் யோசித்து உண்மையாகவே உதவ நினைத்துச் சொன்னான்: "படிப்பு முடிஞ்சதும் நீங்களே ஒரு டிஸ்மிஸ் உத்தரவு எழுதிக் கொடுத்திருங்கோ ஸார். எனக்கு எழுதின மாதிரி. கம்பெனிக்காராளுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு."

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. வெங்கடேஸ்வரன் ஜன்னலோடு கூடவே சில அடிகள் நடந்தார். அவர் முகத்தில் கவலை இருந்தது.

"எழுதலாம்" என்றார். "ஆனா அப்பாயிண்ட் பண்ணாம டிஸ்மிஸ் பண்ண விதியில எடம் இருக்கான்னு பார்க்கணுமே."